“ஒரே சிட்டிங், நூத்துக்கு 87 பேருக்கு சரியாயிடுச்சு”: டெலிவரிக்கு அப்புறம் லூஸா இருக்குன்னு மெஷின் வெச்சுக்கலாமா?

ஜூன் 3, இரவு 11.12, கேள்வி

அக்கா, பேர் வேணாம். ரெண்டு குழந்தையும் நார்மல் டெலிவரி, சின்னவனுக்கு மூணு வயசு. அந்த இடத்துல பழைய பிடிப்பே இல்ல. தலைக்கு குளிச்சுட்டு எழுந்தா தண்ணி வழியுது, குனிஞ்சு நிமிந்தா காத்து சத்தம் வருது, சேர்றப்போ எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. ஒரு ஸ்கின் கிளினிக்ல ரேடியோ ஃப்ரீக்வென்சின்னு ஒரு மெஷின் வெச்சிருக்காங்க. ஆபரேஷன் இல்ல, அரை மணி நேரம், ஒரே சிட்டிங், நூத்துக்கு 87 பேருக்கு சரியாயிடுச்சுன்னு ஆராய்ச்சியே சொல்லுதுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. வளையல அடகு வெச்சாதான் அந்தப் பணம் வரும். வெச்சுக்கலாமா?

ஜூன் 4, காலை 6.05

வளையல் இப்போதைக்கு கையிலயே இருக்கட்டும்.

நான் திருச்சில பெல்விக் ஃப்ளோர் பிசியோ, அதாவது அடி இடுப்புத் தசைக்கு பயிற்சி குடுக்கறவ, பெண்கள் ஆஸ்பத்திரி ஓபில தினமும் கேக்கற விஷயம் இது. அந்த 87 எந்த பேப்பர்லேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், ராத்திரி உக்காந்து எழுதறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு: நீங்க சொன்ன தண்ணி, காத்து, உணர்ச்சி தெரியாதது எல்லாமே நிஜமான தொந்தரவு. உலக அளவுல யூரோகைனகாலஜி (பெண்களோட மூத்திரப்பை, அடி இடுப்பு தொந்தரவு பாக்கற) டாக்டர்கள் சங்கத்துல 2012-ல ஒரு சர்வே வந்துச்சு, பதில் சொன்ன 563 டாக்டர்ல 83 சதவீதம் பேர் இந்தத் தொந்தரவ பெண்கள் வெளிய சொல்றதே இல்லன்னு சொன்னாங்க. நீங்க ராத்திரி பதினோரு மணிக்கு பேர் போடாம கேக்கறதுக்கும் அதே கூச்சம்தான் காரணம்.

ஜூன் 4, இரவு 9.50

சரி, 87.

2010-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட்ல லியா மில்ஹைசர்ங்கற கைனகாலஜி டாக்டர் டீம் ஒரு பைலட் ஸ்டடி, அதாவது முதல் கட்டமா சின்னதா ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. மெனோபாஸ் வராத, நார்மல் டெலிவரி ஆன 24 பெண்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு தடவ ரேடியோ ஃப்ரீக்வென்சி. ஒரு மாசத்துல 67 சதவீதம் பேர் டைட்டா ஆயிருக்குன்னாங்க, ஆறு மாசத்துல 87 சதவீதம். உங்க நோட்டீஸ்ல இருக்கற நம்பர் இதுதான். நம்பர்ல பொய் கிடையாது. ஆனா மொத்தம் 24 பேர், 24 பேருக்கும் நிஜ சிகிச்சை, எதோட ஒப்பிட்டுப் பாக்கறதுன்னே அங்க ஒண்ணும் இல்ல.

எப்படி பண்றாங்கன்னும் சொல்லிடறேன். செக்கப்புக்கு படுக்கற மாதிரி கால மடக்கி படுக்க வெப்பாங்க, தொடைல ஒரு பேட் ஒட்டுவாங்க, உள்ள குடுக்கற கரண்ட் திரும்பி வர்றதுக்கு அது வழி. விரல் தடிமனுக்கு ஒரு முனை, ஜெல் தடவி வாசலுக்கு கொஞ்சம் உள்ள சுவத்துல அழுத்தி வெச்சு, ஒரு ஷாட், கொஞ்சம் நகத்தி அடுத்த ஷாட், இப்படியே சுத்தி வருவாங்க. மேல மூத்திரக் குழாய் இருக்கற இடத்த மட்டும் விட்டுடுவாங்க. கடிகார முள்ளு கணக்குல 1 மணிலேர்ந்து 11 மணி வரைக்கும், 12-ஐ தொட மாட்டாங்க. அந்த முனைல ஒரு குளிர் வாயு ஓடும், அதனால மேல்தோல் சுடாது, சூடு அடியில இருக்கற கொலாஜன்ல, அதாவது திசுவ கெட்டியா வெச்சிருக்கற புரத நார்ல போயி இறங்கும். சூடு பட்டா கொலாஜன் பாலாடை மாதிரி சுருங்கும், அப்புறம் அந்தக் காயத்த ஆத்த உடம்பு புது கொலாஜன் போடும், அதுல சுவரு கெட்டிப்படும், இதுதான் கணக்கு. அதனாலதான் உடனே தெரியாது, மாசக்கணக்குல கூடும்னு சொல்றாங்க.

கேக்க நியாயமாத்தான் இருக்கு. எனக்கும் முதல் தடவ படிச்சப்போ ஆசையா இருந்துச்சு.

ஜூன் 5, மதியம் 2.20

கீழ ஒருத்தங்க கேட்டிருக்காங்க, 24 பேரா இருந்தா என்ன, நல்லாத்தானே ஆச்சு, அப்புறம் என்ன சந்தேகம்னு.

மா, ஒரு பெண் பல வருஷம் மனசுலயே வெச்சுக்கிட்டிருந்தத ஒரு பெரிய ஆஸ்பத்திரில போயி சொல்றா. கேலி பண்ணாம கேக்கறாங்க, படம் வரைஞ்சு விளக்கறாங்க, புது மெஷின் வெக்கறாங்க, ஆறு மாசம் கழிச்சு அதே டாக்டரம்மா உக்காந்து “இப்ப எப்படி இருக்கு”ன்னு கேக்கறாங்க. அவ என்ன பதில் சொல்லுவா? இதுல மெஷின் செஞ்சது எவ்வளவு, காலம் செஞ்சது எவ்வளவு, அந்தப் பேச்சு செஞ்சது எவ்வளவுன்னு பிரிக்க ஒரே வழிதான் இருக்கு. பாதி பேருக்கோ மூணுல ஒருத்தருக்கோ டம்மி வெக்கணும். அதே ரூம், அதே மெஷின், அதே முனை, அதே குளிர், சூடு மட்டும் இருக்காது, யாருக்கு எதுன்னு அந்தப் பெண்ணுக்குத் தெரியக் கூடாது.

அதையும் பண்ணாங்க. விவீவ் ஒன்னுனு பேரு, மெஷின் கம்பெனி பேரும் விவீவ்தான். கனடா, இத்தாலி, ஸ்பெயின், ஜப்பான், நாலு நாட்டுல ஒன்பது இடத்துல 174 பெண்கள். 117 பேருக்கு நிஜம், சூட்டோட அளவு ஒரு சதுர செ.மீ.க்கு 90 ஜூல். 57 பேருக்கு டம்மி, 1 ஜூலுக்கு மேல போகாது, அதுல கொலாஜனுக்கு ஒண்ணும் ஆகாது. ஏழு படி வெச்ச ஒரே ஒரு கேள்வி: ரொம்ப லூஸ்லேர்ந்து ரொம்ப டைட் வரைக்கும் எந்தப் படில இருக்கீங்கன்னு. ஆறு மாசம் கழிச்சு “லூஸ் இல்ல”ன்னு சொன்னவங்க நிஜ குரூப்ல 43.5 சதவீதம், டம்மி குரூப்ல 19.6 சதவீதம். 2017-ல வெளியாச்சு.

அளவுகோல் வேற, அதனால 87-ஐயும் 43-ஐயும் நேரா பக்கத்துல வெச்சுக் கழிக்க முடியாதுதான். ஆனா ஒரு நோட்டீஸ் போடணும்னா 43.5, 19.6 ரெண்டு நம்பரையும் சேத்துதான் போடணும். டம்மில 19.6ங்கற அந்த ரெண்டாவது நம்பர் எந்த நோட்டீஸ்லயும் வந்து நான் பாத்ததே இல்ல.

ஜூன் 5, மதியம் 2.41

கணக்கா சொன்னா, 43.5-ல 19.6 போனா 23.9. நாலு பேருக்கு மேல மெஷின் வெச்சா அதுல ஒருத்தருக்குத்தான் மெஷினால மட்டுமே லூஸ் போச்சுன்னு சொல்ல முடியும். மத்தவங்கள்ல சிலருக்கு எப்படியும் போயிருக்கும், சிலருக்கு என்ன வெச்சும் போகல. ஆனா பணம் எல்லாருமே கட்டணும்.

ஜூன் 6, இரவு 10.30

காலைலேர்ந்து அந்த டம்மி குரூப்பயே நினைச்சுக்கிட்டிருக்கேன். அஞ்சுல ஒருத்தர், ஒண்ணுமே வெக்காம, “லூஸ் இல்ல”ன்னு சொல்றாங்க. பலபேர் இத “எல்லாம் மனப்பிரமை”ன்னு தள்ளிடுவாங்க, டாக்டர்களே சொல்லிக் கேட்டிருக்கேன். எனக்கு அப்படித் தோணல. என் ஓபில நடக்கறத சொல்றேன்.

மூத்திரம் சிந்துதுன்னுதான் வருவாங்க. பேச்சு போகப் போக, குரல இறக்கி, “அங்கயும் கொஞ்சம் லூஸா இருக்கு மேடம், அதனாலதான் அவரு...”ன்னு பாதில நிறுத்துவாங்க. நான் கதவ சாத்திட்டு, கிளவுஸ் போட்டு, சொல்லிட்டு ஒரு விரல வெச்சு, இப்ப இழுத்துப் பிடிங்கம்மா, மூத்திரத்த அடக்கற மாதிரி, காத்த அடக்கற மாதிரின்னு சொல்லுவேன். முதல்ல வயித்த எக்குவாங்க, தொடைய இறுக்குவாங்க, மூச்ச பிடிப்பாங்க, அங்க ஒண்ணும் நடக்காது. வயித்துல கை வெச்சுப் பாருங்க, இது அசையக் கூடாதுன்னு சொல்லி மறுபடி பண்ணச் சொன்னா, திடீர்னு விரல சுத்தி ஒரு பிடிப்பு வரும், மெல்லிசா, ரெண்டு செகண்ட். “இதோ, இதுதான்”னு சொன்ன உடனே அவங்க முகம் மாறிடும். அந்தத் தசை செத்துப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு வந்தவங்க அது இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறாங்க. அன்னிக்கு நான் சிகிச்சைன்னு ஒண்ணும் பண்ணல. ஆனா அடுத்த தடவ வர்றப்போ சிலபேர் பரவாயில்லம்பாங்க.

டம்மி குரூப்லயும் இதுல கொஞ்சம் நடந்திருக்கும்னு நினைக்கறேன். அந்த இடத்தப் பத்தி முதல் தடவையா ஒரு ஆளுகிட்ட பேசறது, பேசினத வீட்டுல புருஷன்கிட்ட சொல்றது, டெலிவரி ஆகி தூக்கமில்லாத காலம் தானா கடந்து போறது. இதுக்கெல்லாம் வளையல அடகு வெக்க வேண்டியதில்ல.

ஜூன் 7, காலை 7.15

“அப்ப நாலுல ஒருத்தருக்காவது வேலை செய்யுது இல்ல, அது போதாதா”ன்னு ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. நியாயமான கேள்வி. ஸ்டடி அதோட முடியல, மீதியையும் சொல்லிடறேன்.

விவீவ் ஒன்னுல ஒரு ஓட்டை உண்டு. படுத்திருக்கற பெண்ணுக்குத்தான் தெரியாது, வெக்கற டாக்டருக்குத் தெரியும், எது நிஜம் எது டம்மின்னு. டாக்டர் முகத்த பாத்தே கண்டுபிடிக்கறவங்க நம்ம ஊருலயும் உண்டு, ஜப்பான்லயும் இருப்பாங்க. சூடு தெரிஞ்சவங்க “நமக்கு நிஜம்தான்”னு யூகிச்சிருக்கலாம்.

அப்புறம் அமெரிக்காவுல எஃப்டிஏ (மருந்து, மெஷினுக்கெல்லாம் அனுமதி குடுக்கற அரசாங்க அமைப்பு) அனுமதியோட விவீவ் டூன்னு அடுத்த சோதனை ஆரம்பிச்சாங்க. சுமார் 250 பெண்கள், டம்மி குரூப் உண்டு, 12 மாசம். இந்தத் தடவ முக்கிய அளவுகோல், பெண்களோட தாம்பத்திய உறவு எப்படி இருக்குன்னு அளக்கற எஃப்எஸ்எஃப்ஐங்கற கேள்வித்தாளோட மொத்த மார்க். 2020 ஏப்ரல்ல கம்பெனியே ரிசல்ட்ட சொல்லுச்சு: இலக்கத் தொடல. ரெண்டு குரூப்புக்கும் நடுவுல நம்பற அளவுக்கு வித்தியாசம் வரல.

அதே மெஷின மூத்திரம் சிந்தறதுக்கும் டம்மியோட சோதிச்சாங்க, 2023 ஜனவரில அதுவும் தோத்துச்சு. அதே வருஷம் கம்பெனி மூடிடுச்சு. உங்க கிளினிக்ல இருக்கறது அந்த மெஷினா, அதே டெக்னிக்ல வேற கம்பெனி பண்ணதான்னு பேர கேட்டு வாங்குங்க. ஒரு மெஷினோட ஆராய்ச்சிய இன்னொரு மெஷினோட நோட்டீஸ்ல போடறது சர்வ சாதாரணமா நடக்குது. சூடு எவ்வளவு, குளிர்விக்குதா இல்லையா, எத்தன ஷாட், எதுவும் ஒண்ணா இருக்காது.

ஜூன் 7, இரவு 11.05

காலைல எழுதினத திரும்பப் படிச்சேன், இன்னும் ஒண்ணு சொல்லியே ஆகணும், இல்லன்னா மெஷினுக்கு அநியாயம் பண்ணதா ஆயிடும்.

எஃப்எஸ்எஃப்ஐல 19 கேள்வி. ஆசை, கிளர்ச்சி, ஈரம், உச்சம், திருப்தி, வலி, இந்த ஆறையும் போன நாலு வாரத்த வெச்சு கேக்கும். மொத்தம் 36 மார்க், 26.55-க்கு கீழ போனா பிரச்சினை இருக்கலாம்னு கணக்கு. நல்ல கேள்வித்தாள்தான், உலகம் பூரா நம்பறது. ஆனா அதுல “லூஸா இருக்கா”ன்னு ஒரு கேள்வி கூட கிடையாது! இந்தத் தங்கச்சிக்கு இருக்கற மாதிரி தண்ணி வழியறது, காத்து சத்தம், இதுவும் கிடையாது. மூணு வயசுப் பையன் நடுவுல படுத்துக்கிற வீட்டுல, மாமியார் பக்கத்து ரூம்ல இருக்கற வீட்டுல, ஆசைக்கு என்ன மார்க் வரும்? அங்க லூஸ் போயிருந்தாலும் மார்க் ஏறாது. அப்போ விவீவ் டூ தோத்தது மெஷின் தோத்ததா, அளவுகோல் தப்பா வெச்சதா?

இத ரொம்ப நேரம் யோசிச்சேன். எனக்குத் தோணறது இதுதான். டைட் ஆகறது எதுக்காக? அவளோட வாழ்க்கை கொஞ்சம் நல்லா ஆகறதுக்காகத்தானே. வருஷம் முடிஞ்சும் டம்மி வெச்சவளுக்கும் நிஜம் வெச்சவளுக்கும் அந்த நல்லதுல வித்தியாசம் தெரியலன்னா, அடகு வெச்சுப் போறவ எத வாங்கிட்டு வர்றா? எஃப்டிஏ மாதிரி இடத்துல இந்தக் கேள்விய கேக்கறது சரின்னுதான் நினைக்கறேன். ஆனா லூஸுக்குன்னே ஒரு கேள்வித்தாள், பெண்கள் சொல்ற வார்த்தைய வெச்சு, தண்ணியையும் காத்தையும் சேத்துக் கேக்கறது வேணும், அத வெச்சு மறுபடி ஒரு நல்ல சோதனை நடக்கணும். அதுவரைக்கும் “வேலை செய்யாது”ன்னும் அடிச்சுச் சொல்ல மாட்டேன், “செய்யும்”னு பணம் வாங்கறவங்கள ஒத்துக்கவும் மாட்டேன்.

ஜூன் 8, காலை 5.50

ஒருத்தர் தனியா கேட்டிருந்தார், புருஷங்ககிட்ட கேட்டு மார்க் போட்டாங்களான்னு. ஏழு படில எந்தப் படின்னு சொன்னது அந்தப் பெண்களேதான். அப்படித்தான் இருக்கணும். “அவருக்காக வெச்சுக்கறேன்”னு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது, உனக்கு என்னம்மா தொந்தரவுன்னுதான். அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லன்னா அவ உடம்புல சரி பண்ண ஒண்ணும் இல்ல.

ஜூன் 8, இரவு 10.15

என் கதையும் கொஞ்சம் சொல்றேன், இதுல ஒரு விஷயம் இருக்கு.

எனக்கு முதல் பிரசவம் ஆயுதம் போட்டு. குழந்தை ரொம்ப நேரம் இறங்கல, கடைசில ஃபோர்செப்ஸ் வெச்சு எடுத்தாங்க, தையல் போட்டாங்க, தாயும் சேயும் நலம்னு அனுப்பிட்டாங்க. அந்த நர்சிங் ஹோம்ல உள்ள ஏதாவது கிழிஞ்சிருக்கான்னு ஒருத்தரும் பாக்கல, சொல்லவும் இல்ல. அப்புறம் பல வருஷம் கழிச்சு ஒரு ட்ரெய்னிங்ல அல்ட்ராசவுண்ட் கிளாஸ், யாராவது வாலன்டியர் வாங்கன்னாங்க, நான் போய் படுத்தேன். வயித்துல வெக்கற ஸ்கேன் இல்ல, கீழ வெளிப்பக்கமா ப்ரோப் வெப்பாங்க. திரையில அந்தத் தசை தெரியும், முன்னாடி இருக்கற எலும்போட ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கிளம்பி பின்னாடி சுத்தி வர்ற வெள்ளப் பட்டை. எனக்கு இடது பக்கம் பட்டை நல்லா இருந்துச்சு. வலது பக்கம் எலும்புகிட்ட வந்து நின்னு போச்சு, நடுவுல கருப்பா ஒரு இடைவெளி. சொல்லிக் குடுத்த டாக்டர் சத்தமா சொல்லல, குனிஞ்சு என்கிட்ட மட்டும் “உங்களுக்கு ஃபோர்செப்ஸா”ன்னு கேட்டார்.

நார்மல் டெலிவரில இந்தத் தசை எலும்புலேர்ந்து பிஞ்சு போறது அபூர்வம் இல்ல, ஃபோர்செப்ஸ்ல ரொம்ப அதிகம். சிட்னில டீட்ஸ்னு ஒரு டாக்டர் வருஷக்கணக்கா இதையேதான் ஸ்கேன்ல பாத்துக்கிட்டிருந்தார். 2018-ல அவர் டீம் போட்ட பேப்பர்ல, அவங்க கிளினிக்குக்கு வந்த பெண்கள்ல 24 சதவீதம் பேர் லூஸா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அப்படிச் சொன்னவங்க பெரும்பாலும் வயசு குறைஞ்சவங்க, நார்மல் டெலிவரி ஆனவங்க, ஸ்கேன்ல அந்தத் தசை வாசல் அகலமா விரியறவங்க.

இப்ப யோசிங்க. என் லூஸு எலும்ப விட்டு வந்த தசைல இருக்கு. அந்த மெஷின் சுவத்துல இருக்கற கொலாஜனுக்குத்தான் சூடு வெக்குது. அது எத்தன ஷாட் வெச்சாலும் பிஞ்ச தசை எலும்புல போய் ஒட்டாது. இன்னொருத்தருக்கு லூஸு வாசல்லயே இருக்கும், வெட்டுப் போட்டது சரியா கூடாம, அது தையல் விஷயம். இன்னொருத்தருக்கு கர்ப்பப்பையோ மூத்திரப்பையோ இறங்க ஆரம்பிச்சிருக்கும், அது வேற. இன்னொருத்தருக்கு தசை முழுசா இருக்கு, வேலை செய்யத்தான் மறந்துடுச்சு. நாலு பேரும் ஒரே வார்த்தையத்தான் சொல்லுவாங்க, “லூஸ்”. பாக்காமயே நாலு பேருக்கும் ஒரே மெஷின வெச்சா, அதுல சிலருக்கு கேக்கும் பலருக்கு கேக்காதுங்கறது எனக்கு ஆச்சரியமே இல்ல.

தங்கச்சி, அந்த கிளினிக்ல பணம் பேசறதுக்கு முன்னாடி உங்கள யாராவது உள்ள பாத்தாங்களா?

ஜூன் 9, மதியம் 1.30

பாக்கலன்னு பதில் வந்திருக்கு. நோட்டீஸ் குடுத்தாங்க, போட்டோ ஆல்பம் காட்டினாங்க, ஈஎம்ஐ சொன்னாங்களாம். எனக்கு மனசு கொதிக்குது.

ஜூன் 9, இரவு 9.20

மலேசியாலேர்ந்து ஒரு அக்கா மஞ்சகானி பத்தி கேட்டிருக்காங்க, அங்க கடையில மாத்திரையா, ஜெல்லா எல்லாம் விக்குதாம். அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம வீட்டு மாசிக்காய்தான். பிள்ளைக்கு உரை மருந்துல உரசற அதே காய், ஓக் மரத்துல பூச்சி முட்டையிட்டு வர்ற முண்டு. துவர்ப்பு சத்து ஜாஸ்தி. துவர்ப்பு பட்டா ஈரம் உறிஞ்சும், தோல் இறுகின மாதிரி இருக்கும், நெல்லிக்காய் கடிச்சா நாக்கு எப்படி இருக்கும்னு நமக்கெல்லாம் தெரியும். அந்த இடத்துல ஈரம்தான் காவல், அத உறிஞ்சி எடுத்தா எரியும், உராயும், புண்ணாகும். உள்ள வெக்காதீங்க. 2012-ல நம்ம நாட்டுல “18 அகெய்ன்”னு, டைட் ஆக்கும்னு சொல்லி ஒரு ஜெல் பெரிய விளம்பரத்தோட வந்து சண்டையெல்லாம் நடந்துச்சு, ஞாபகம் இருக்கறவங்களுக்கு இருக்கும். ஜெல்லு தசைய தொடவே தொடாது.

ஜூன் 10, இரவு 10.45

லேசர் பத்தி நிறைய பேர் கேட்டுட்டீங்க.

2018 ஜூலை 30 அன்னிக்கு அமெரிக்க எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. லேசர், ரேடியோ ஃப்ரீக்வென்சி ரெண்டையும் சேத்துதான். “பிறப்புறுப்ப இளமையாக்கறோம்”னு சொல்லி இந்த மெஷின விக்கறதுக்கு நாங்க அனுமதி குடுக்கல, சூட்டுக்காயம், தழும்பு, உறவுல வலி, விடாத வலின்னு புகார் வந்திருக்குன்னு. கம்பெனிகளுக்கு கடிதமும் போச்சு. அனுமதி இருந்தது வேற வேலைக்கு, ரத்தக்கசிவ நிறுத்தறது, திசுவ எரிக்கறது மாதிரி. “எஃப்டிஏ அப்ரூவ்ட்”னு நோட்டீஸ்ல பாத்தா எதுக்கு அப்ரூவ்ட்னு கேக்கணும்.

நியாயத்துக்கு இதையும் சொல்றேன், விவீவ் ஒன்னுல பக்க விளைவு நிஜத்துல 11.1, டம்மில 12.3 சதவீதம், கிட்டத்தட்ட ஒண்ணு. பயிற்சி எடுத்த கை, ஒழுங்கா குளிர்விக்கற மெஷின்னா ஆபத்து கம்மிதான். எனக்குப் பயம் அளவு தெரியாத கைகளப் பத்தி.

லேசர்ல லூஸுக்குன்னு இல்ல, மெனோபாஸுக்கு அப்புறம் வர்ற வறட்சி, எரிச்சலுக்கு ஒரு அருமையான டம்மி சோதனை சிட்னில பண்ணாங்க, 85 பெண்கள், 2021-ல ஜாமாங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. 12 மாசம் கழிச்சு லேசருக்கும் டம்மிக்கும் வித்தியாசமே இல்ல. அதுக்கு முன்னாடி டம்மி இல்லாம பண்ண லேசர் ஸ்டடில அநேகமா எல்லாத்துலயும் பிரமாதமான ரிசல்ட்! இந்த ஒரு பேப்பர என் ஜூனியர்ஸ் எல்லாருக்கும் படிக்கக் குடுத்துட்டேன்.

ஜூன் 11, காலை 6.20

நைட்டெல்லாம் ஒரு கேள்வி அரிச்சுது. டம்மி டம்மின்னு இவ்வளவு எழுதறேனே, நான் சொல்லிக் குடுக்கற எக்சர்சைஸ டம்மி வெச்சு யாரு சோதிச்சா?

1948-ல ஆர்னால்ட் கீகல்னு அமெரிக்க டாக்டர் இத எழுதினதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும், மூத்திரம் சிந்தறதுக்கு இந்தப் பயிற்சி கேக்குதுன்னு நிறைய நல்ல சோதனை இருக்கு, எல்லா சோதனையையும் சேத்து அலசற காக்ரேன் ரிவ்யூவே தெளிவா சொல்லுது. லூஸா இருக்குங்கற தொந்தரவுக்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. அதுவுமில்லாம பயிற்சிக்கு டம்மி பண்றது கஷ்டம், இழுத்துப் பிடிக்கறோமா இல்லையான்னு அவளுக்கே தெரிஞ்சுடும். அதனால “எக்சர்சைஸ் பண்ணா கண்டிப்பா டைட் ஆகும்”னு நான் யாருக்கும் வாக்கு குடுக்கறதில்ல. தசை இருந்தா பலமாகும், பிடிப்பு தெரியும், சிந்தறது குறையும், அதுக்கு மேல ஆளுக்கு ஆள். ஆனாலும் அததான் முதல்ல பண்ணச் சொல்றேன், ஏன்னா அதுல சூட்டுக்காயம் வராது, யாரும் அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்ல.

பண்றவங்களுக்கு: வயிறு அசையாம, மூச்சு ஓடிக்கிட்டே இருக்கணும், இழுத்து மேல தூக்கற மாதிரி பிடிங்க, முழுசா விடுங்க. விடறதும் பாதி வேலை. மூத்திரம் போறப்போ பாதில நிறுத்தி நிறுத்தி பழகாதீங்க, அது வேற வம்புல விடும். மூணு மாசத்துக்கு முன்னாடி பலன் தேடாதீங்க. சரியா பண்றோமான்னு ஒரு தடவையாவது ஆளுகிட்ட காட்டுங்க, பாதிப்பேர் தப்பான தசையத்தான் இறுக்கறாங்க.

ஜூன் 13, இரவு 9.40

தங்கச்சி இன்னிக்கு எழுதியிருக்காங்க, கிளினிக்லேர்ந்து போன் வந்துச்சாம். “நாங்க இப்ப இந்த மெஷின்ல ட்ரையல் பண்றோம், ட்ரையல்ல சேந்தா பாதி ரேட்டு”ன்னு சொன்னாங்களாம்.

மா, இத எல்லாரும் கவனமா படிங்க. மெஷினுக்கு நிஜமான சோதனைன்னா, நீங்க அந்த மெஷினுக்குப் பணம் கட்ட வேண்டியதே இல்ல. இந்தியாவுல ட்ரையல் நடத்தறவங்க ஆள் சேக்கறதுக்கு முன்னாடியே சிடிஆர்ஐங்கற அரசாங்கப் பதிவேட்டுல பதிஞ்சிருக்கணும், 2009 ஜூன்லேர்ந்து கட்டாயம். பதிவு நம்பர் சிடிஆர்ஐன்னு ஆரம்பிக்கும், நம்பர வாங்கி நெட்டுல போட்டா யாரு நடத்தறாங்க, எத்தன பேரு, எதோட ஒப்பிடறாங்க, எல்லாம் வரும். சேர்றவங்களோட பாதுகாப்பையும் உரிமையையும் பாக்கற எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கணும். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியற தமிழ்ல இருக்கணும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி படிக்கக் குடுக்கணும், டம்மி குரூப் இருந்தா “உங்களுக்கு டம்மியும் வரலாம்”னு அதுல எழுதியிருக்கணும். காயம் பட்டா யார் பொறுப்பு, யார் செலவுன்னும் இருக்கணும். நடுவுல எப்ப வேணாலும் விலகலாம், அதுக்காக உங்க வழக்கமான வைத்தியத்த யாரும் நிறுத்தக் கூடாது. பாதி ரேட்டுங்கறது டிஸ்கவுன்ட்.

அப்படிப் பதிஞ்ச, டம்மி வெச்ச, லூஸையே நேரா கேட்டு அளக்கற சோதனை ஒண்ணு நம்ம ஊர்ப் பக்கம் வந்துச்சுன்னா நானே உங்கள கூட்டிட்டுப் போறேன். அதுல சேர்ற ஒவ்வொரு பெண்ணும், டம்மி வந்தவங்களும்தான், பின்னாடி வர்றவங்களுக்கு பெரிய உதவி பண்றாங்க. கனடால, ஜப்பான்ல அந்த 57 பேர் டம்மிக்கு ஒத்துக்கிட்டுப் படுத்ததாலதான் இன்னிக்கு நம்மகிட்ட அந்த 19.6 இருக்கு.

ஜூன் 14, காலை 6.00

தங்கச்சி, திங்கக்கிழமை காலைல உங்க ஊர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி கைனக் ஓபிக்குப் போங்க, சீட்டு போட்டுட்டு “அடி இறங்கியிருக்கான்னு பாக்கணும், லூஸா இருக்கு, காத்து வருது”ன்னு இதே வார்த்தையில சொல்லுங்க. ரெண்டு பிரசவத்துக்கும் ஆயுதம் போட்டாங்களா, தையல் எவ்வளவுன்னு டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தா எடுத்துட்டுப் போங்க. முக்கச் சொல்லி இருமச் சொல்லி பாப்பாங்க, கூச்சப்படாதீங்க. தசை எப்படி இருக்குன்னு அவங்க சொன்னத இங்க வந்து எழுதுங்க, அப்புறம் என்ன பயிற்சின்னு நான் சொல்றேன். கிளினிக் நம்பர பிளாக் பண்ணிடுங்க.

ஜூன் 14, காலை 6.08

உரல்ல குந்தி ஆட்டற எக்சர்சைஸ் இதுக்கு ஆகுமான்னு கேட்ட அம்மாவுக்கு: மாவு நல்லா வரும்மா, இதுக்கு ஆகாது. நாளைக்கு நேர்ல வாங்க, பாத்துடலாம்.